உரக்கடைக்காரர் வீட்டுப் புழு

நாகராசு பிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ்த்தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுக்கள் கும்மாளமாக நெளிந்துகொண்டிருந்தன.

போன மழைக்கு மகள் இலக்கியா டெங்கு வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். அன்றிலிருந்து கறம்பக்குடியில் அந்தத் தெருவுக்கே நாகராசுதான் காவல். உரக்கடையைத் திறக்கும் முன் வீடு வீடாகப் போய்ச் சத்தம் போடுவார். கொட்டாங்கச்சி, டயர், ஆட்டுரல் எதிலும் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. அடுத்த வீட்டு ரசியா பேகத்தின் பூந்தொட்டியையே நடுத்தெருவில் கவிழ்த்தவர்.

இப்போது சுகாதாரப் பணியாளர் வைஷ்ணவி போன் செய்திருந்தாள்: "அண்ணே, நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வாரேன்."

அதனால்தான் இந்த அவசரச் சோதனை.

"கண்ணாத்தா! மானம் போச்சு!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

பிரிட்ஜைச் சாய்த்து, தண்ணீரை வாளியில் பிடித்தார். பாதி அவர் வேட்டியில் கொட்டியது. வேட்டி மாற்றிவிட்டு வந்தால் வாளி காலி.

"இதுல இருந்த தண்ணி எங்க?"

"பொழங்குற ட்ரம்முல ஊத்திட்டேன்," என்றாள் கண்ணாத்தாள். "கொழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு! வீணாக்குவாங்களா?"

தட்டளவு இருந்த வம்பு இப்போது ட்ரம்மளவு ஆகிவிட்டது. ட்ரம்மைக் கவிழ்க்கப் போனார். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கவுத்தா எதுல துணி தொவைக்கிறது? ஒங்க உரத்துலயா?"

வேறு வழியின்றி பினாயில் பாட்டிலை எடுத்து மொத்தமாகக் கவிழ்த்தார். வீடே மணத்தது. புழுக்கள் ஒரு முங்கு முங்கிவிட்டு, குளித்த தெம்போடு மேலே வந்தன.

சுவரோரம் ஓடினார். "ரசியாம்மா, மீன் இருக்கா?"

"ஜெகதாப்பட்டினத்துலேருந்து தம்பி குடுத்துவிட்டான். இப்பத்தான் பொரிச்சேன். இந்தாங்கண்ணே." தட்டு சுவரைத் தாண்டி வந்துவிட்டது.

"பொரிச்சது இல்லம்மா. நீந்துறது. ஒங்க தொட்டியில விட்டிருக்கீங்கள்ல, குட்டி மீனு..."

"கொசுப்புழு திங்குமே, அதுவா? அது எதுக்கு ஒங்களுக்கு?"

"சும்மா, பாத்துக்கிட்டு இருக்கத்தான். மனசுக்கு நல்லதாம்."

ரசியா அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு ஒரு மக்கில் மீன் மொண்டு கொடுத்தாள்.

ட்ரம்மில் விட்டார். பினாயில் தண்ணீரில் மீன்கள் ஒரு சுற்று வந்தன. பிறகு வரிசையாக மல்லாந்தன. புழுக்கள் மட்டும் அவற்றைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தன.

"பாவி மனுசா, மீனைக் கொன்னுட்டீங்களே!" என்றாள் கண்ணாத்தாள்.

வாசலில் ஸ்கூட்டி சத்தம். நாகராசு மூடியைப் போட்டு, தாவி ட்ரம்மின் மேலேயே உட்கார்ந்தார். கையில் பொரித்த மீன் தட்டு.

வைஷ்ணவி உள்ளே வந்தாள். கையில் ஒரு காலிக் கண்ணாடி பாட்டில்.

"என்னண்ணே, ட்ரம்மு மேல ஒக்காந்து சாப்பிடுறீங்க?"

"இங்கிட்டுத்தான் காத்து வருது."

"பினாயில் வாசம் தெருமுனை வரைக்கும் வருதுண்ணே! வீடுன்னா இப்படில்ல இருக்கணும்!"

நாகராசுவுக்கு வேர்த்துக் கொட்டியது. அடியில் மூடி லேசாக நெளிந்தது. "சோதனை பண்ணணும்னா... நாளைக்கு வரலாமேம்மா?"

"ஒங்க வீட்டுல சோதனையா? நல்லா இருக்கேண்ணே! பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் காட்ட உயிரோட கொசுப்புழு வேணும். நீங்க போட்ட சத்தத்துல, இந்தத் தெரு பூராத் தேடியும் ஒண்ணுகூடச் சிக்கல. வேற எங்க கெடைக்கும்னு ஒங்களுக்குத்தான் தெரியும்னு கேட்டுட்டுப் போக வந்தேன்!"