மஞ்சள் அணிக்கு மட்டன் ரோல்ஸ்

யாழ்ப்பாணத்துத் தகப்பனிடம், "நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும்" என்று யாரும் சொல்லக் கூடாது. சும்மா இருப்பதற்கு எங்கே நல்ல டியூஷன் நடக்கிறது என்று அவன் விசாரிக்கத் தொடங்கிவிடுவான். நானும் அந்த இனம்தான்.

என் மகள் அபிக்கு அப்போது பன்னிரண்டு வயது. லண்டனில், டூட்டிங் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும் சின்ன உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் பெண்கள் அணியில் வலது பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். (நானும் பள்ளிக்கூடத்தில் ஓடியவன்தான், பந்து வந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக.) அவளுடைய ஆட்டத்தைக் கண்ட யாரோ, பெரிய கழகம் ஒன்றின் அகாடமித் தேர்வுக்கு அவளை வரச் சொன்னார்கள். அன்றைக்குப் பூட்ஸைக் கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள். அவள் வேறெதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

நான் உடனே நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவருடைய மகன் கோகுல் அங்கே உதைபந்தாட்டத்தில் பெரிய ஆள். (அண்ணை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.)

"இஞ்சை எல்லாம் ஏணி மாதிரி, தம்பி," என்றார். "முதல் ஊர்க் கிளப். அதுக்கு மேல வெளியூர் போய் விளையாடுற ரீம். அதுக்கு மேல மாகாணங்கள் சேர்ந்த லீக். எல்லாத்துக்கும் மேல தேசிய லீக். அதில நிண்டா யூனிவர்சிட்டிக்காரர் வந்து பாத்து ஸ்கொலர்ஷிப் குடுப்பினம். ஒவ்வொரு படிக்கும் பீஸ் கட்டவேணும். நான் கட்டுறன், அவன் ஏறுறான்."

ஸ்கொலர்ஷிப் என்ற சொல் காதில் விழுந்ததும் பந்து எனக்குப் பாடப் புத்தகமாகிவிட்டது. ஆனால் லண்டனில் அந்த வசதி இல்லை. அபியைக் கூப்பிட்ட அகாடமி ஒரு பென்னிகூட வாங்காது. அவர்களாகக் கூப்பிடுவார்கள், அவர்களாகப் பார்ப்பார்கள், பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், பிடிக்காவிட்டால் சீசன் முடிய வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காசும் கட்ட முடியாது, தெரிந்த ஆளும் இல்லை. பிறகு தகப்பன் என்று ஒருவன் எதற்கு?

"நீங்கள் காரை ஓடுங்கோ. அது காணும்," என்றாள் என் மனைவி கௌரி.

எனக்கு அது போதவில்லை. அபியின் விளையாட்டை நான் ஆராய்ந்து பார்த்ததில் ஒரே ஒரு குறைதான் தெரிந்தது. அவளுக்கு மற்றப் பிள்ளைகள் பந்தைக் கொடுப்பதில்லை. தேர்வில் முன்பின் தெரியாத பிள்ளைகளோடு விளையாட வேண்டும். அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்? ஊரில் அரசாங்கக் கந்தோரில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. நான் டூட்டிங் தமிழ்க் கடையில் ஒரு பெரிய தட்டம் நிறைய, எண்ணெயில் பொரித்த உறைப்பு மட்டன் ரோல்ஸுக்கு ஓடர் கொடுத்தேன்.

"வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கோ? உறைப்பைக் குறைக்கட்டோ, அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார்.

"குறைக்க வேண்டாம். ஞாபகம் நிக்கவேணும்," என்றேன்.

தேர்வு சனிக்கிழமை காலை நடந்தது. ஹெலன் என்ற பயிற்சியாளர், பெற்றோர் எல்லோரும் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும், சத்தம் போடக் கூடாது என்று சொன்னார். நான் மூச்சுக்கூட விடவில்லை. அபிக்கு மஞ்சள் அணி, எதிரே நீல அணி. முதல் பாதியில் பந்து அவளிடம் வந்தது அபூர்வம். என் ஆராய்ச்சி சரி என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இடைவேளையில் அபி கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து, கயிற்றடியில் தண்ணீர் குடிக்க வந்த மஞ்சள் பிள்ளைகளுக்குத் தட்டத்தைத் திறந்தேன். அவர்களின் தாய் தகப்பன்மாரிடம் முதலில் கேட்டு, அவர்களுக்கும் நீட்டினேன். (நீல அணிக்கு வாசம் மட்டும்.) "மை டாட்டர், நம்பர் செவன். பாஸ் ஹேர்," என்று ஒவ்வொரு ரோல்ஸோடும் ஒரு வார்த்தை. அபி திரும்பி வந்தபோது தட்டம் காலி.

"அப்பா, என்ன செய்தனீங்கள்?"

"நீ போய் விளையாடு, அம்மாச்சி. இனிப் பார்."

பார்த்தோம். நன்றி என்றால் அதுதான் நன்றி. எல்லாப் பந்தும் அபிக்கே வந்தது. ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்ற ஒரு பிள்ளை, அடிக்காமல் திரும்பி நின்று, மைதானத்தின் மறுகோடியில் அபியைத் தேடியது. நீல அணிக்கும் விஷயம் விளங்கிவிட்டது. அவர்கள் எல்லோரும் அபியைச் சுற்றி வேலி மாதிரி நின்றார்கள். பந்து வேலிக்குள்ளே போகும், அபி வெளியே வரமாட்டாள்.

பிறகு உறைப்பு வேலையைத் தொடங்கியது. ஒருத்தி விக்கினாள். ஒருத்தி ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை முழுதாகக் குடித்துவிட்டு வந்து, ஓட முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோல்கீப்பர் பிள்ளை கையுறையைக் கழற்றாமலே சாப்பிட்டிருக்கிறது. மெதுவாக உருண்டு வந்த பந்து எண்ணெய்க் கையுறையில் வழுக்கி உள்ளே போனது. அபி நடு மைதானத்தில் நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் கயிற்றுக்குக் கீழே புதைந்திருக்கலாம்.

ஹெலன் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார். என்ன கொடுத்தாய் என்று கேட்டார். எனக்காக ஒளித்து வைத்திருந்த கடைசி ரோல்ஸை நீட்டினேன். முழுவதையும் தின்றார். கண்ணைத் துடைத்தார்.

"மிக நல்ல சாப்பாடு," என்று அவர் இங்கிலீசில் சொன்னார். "இன்றைக்கு மஞ்சள் அணியில் யாரையும் என்னால் மதிப்பிட முடியாது. அடுத்த சனி எல்லோரும் திரும்பி வரட்டும். உன் மகளும் வரலாம். நீ வரக் கூடாது."

அடுத்த சனிக்கிழமை கௌரி காரை ஓடினாள். நான் விம்பிள்டன் கோயிலில் பிள்ளையாருக்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சும்மா இருந்தேன். மத்தியானம் போன் வந்தது. அபியை எடுத்துவிட்டார்கள். கோயில் என்றும் பாராமல் அழுதேன். சந்தோசத்தில் பாதி, நான் போகாததால்தான் கிடைத்தது என்ற வெட்கத்தில் பாதி.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு எது சரிவந்தாலும், "அப்பா போகேல்லையோ?" என்பதுதான் முதல் கேள்வி. கௌரிக்கு வேலையில் உயர்வு கிடைத்தபோதும் அதையே கேட்டார்கள். பீஸ் எல்லாம் கட்டியும் கோகுலைத் தேசிய லீக் அணியிலிருந்து கழித்துவிட்டபோது, பொடியன் எனக்குத்தான் போன் எடுத்தான். "சித்தப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள் இஞ்சை வந்தனீங்களோ?"

அபிக்கு இப்போது பதினேழு வயது. இத்தனை வருடத்தில் அவளுடைய ஆட்டம் ஒன்றுக்கும் என்னை வரச் சொன்னதில்லை. போன மாதம் இறுதிப் போட்டிக்கு முதல்நாள், சாப்பாட்டு மேசையில் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"அப்பா, நாளைக்கு நீங்களும் வாங்கோ."

"உண்மையாவோ, அம்மாச்சி?"

"ஓம். ரோல்ஸும் கொண்டு வாங்கோ. ஆனா எதிர் ரீம்காரரின்ரை பக்கத்தில போய் நிக்கவேணும்."