முருகம்மாளின் அறுபத்திரண்டு உறைகள்

குடிமக்கள் அனுப்பும் மனுவைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் அதிகாரி உலகில் எங்காவது உண்டா என்று யாராவது கேட்டால், தயங்காமல் மதுரைக்கு ரயில் ஏறச் சொல்லுங்கள். இங்கே உண்டு. மனுப் பிரிவுக் கண்காணிப்பாளர் திரு. வெள்ளைத்துரை அவர்கள் ஒரு மனுவைச் சராசரியாக நாற்பது நிமிடம் பார்ப்பார். முன்பக்கம் பார்ப்பார், பின்பக்கம் பார்ப்பார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். வளர்ந்த நாடுகளில்கூட இத்தனை அக்கறை கிடையாது என்று அவரே நம்மிடம் தெரிவித்தார்.

இந்த அக்கறை அவருக்குப் பிறவியில் வந்ததல்ல, ரத்த அழுத்தத்தில் வந்தது. "வேலை வேலைன்னு உடம்பைக் கெடுத்துக்காதீங்க, ஏதாவது பொழுதுபோக்கு வச்சுக்குங்க" என்றார் டாக்டர். அவர் வெள்ளைத்துரையின் அலுவலகத்தை நேரில் பார்த்ததில்லை, பாவம். ஆனாலும் மருத்துவர் சொல்லை மதித்து, பசுமலையில் ஒரு டியூஷன் சென்டரில் ஞாயிறுதோறும் கூடும் 'அஞ்சல்தலை நுண்ணாய்வு மன்ற'த்தில் வெள்ளைத்துரை சேர்ந்தார். அவரோடு சேர்த்து உறுப்பினர்கள் ஏழு பேர். அதில் நால்வர் துணைத்தலைவர்கள்.

தலைவர் விஸ்வேஸ்வரன், பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே புதியவரின் கண்ணைத் திறந்துவிட்டார்.

"ரெண்டு ஸ்டாம்பு பாக்க ஒண்ணாத்தான் இருக்கும் சார். ஆனா ஒண்ணு இல்ல. ஒவ்வொரு தடவை அச்சடிக்கிறப்பவும் ஏதாவது மாறும். பேப்பர் மாறும், மை மாறும், ஓரத்துப் பல்லு கூடும், குறையும். பேப்பருக்குள்ள இருக்கிற வாட்டர்மார்க் தலைகீழா நிக்கும். அச்சுத் தகட்டுல ஒரு கீறல் விழுந்தாப் போதும், அது தனி ரகம். இதைக் கண்டுபிடிக்கிறவன்தான் சேகரிப்பாளன். மத்தவன் எல்லாம் சும்மா ஒட்டி வைக்கிறவன்."

வெள்ளைத்துரைக்குச் சும்மா ஒட்டி வைக்கிறவராக இருக்க விருப்பமில்லை. திருநகர் வீட்டில் சமையலறை மேடை ஆய்வுக்கூடம் ஆயிற்று. தபால்தலைகள் டபராவில் ஊறின, இட்லித் தட்டில் காய்ந்தன, இஸ்திரிப் பெட்டியின் கீழ் நிமிர்ந்தன. மறுவாரமே மன்றத்துக்கு ஒரு 'கண்டுபிடிப்பு'டன் போனார். பச்சைத் தபால்தலையில் மஞ்சள் சாயல். உலகில் ஒன்றே ஒன்று.

விஸ்வேஸ்வரன் லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"சார், இது நிற வகை இல்ல. சாம்பார்."

துணைத்தலைவர்கள் நால்வரும் சிரித்தார்கள். வெள்ளைத்துரைக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. முப்பது வருட அரசுப் பணியில் யாரும் அவரது வேலையை முகர்ந்து பார்த்தது கிடையாது. எப்படியாவது ஒரு நிஜமான ரகத்தைக் கண்டுபிடித்து இவர்கள் வாயை அடைத்தே தீருவது என்று அன்றே முடிவு கட்டினார்.

வழி அலுவலகத்திலேயே இருந்தது. பதிவறையில் அழிக்க வேண்டிய கோப்புகளைப் பட்டியல் போடும்போது ஒரு கட்டு சிக்கியது. அறுபத்தொரு உறைகள், எல்லாம் ஒரே ஆள் அனுப்பியவை. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து முருகம்மாள் என்பவர், முப்பத்தோரு வருடமாக, போகத்துக்கு ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு மனு அனுப்பி வந்திருக்கிறார். முதல் மனுவைப் பிரித்த எழுத்தர் அதை வேறு பிரிவுக்கு அனுப்பிவிட்டு, ஓய்வும் பெற்றுவிட்டார். அடுத்தடுத்து வந்த உறைகள் ஒவ்வொன்றின் மேலும் "இதே பொருள் குறித்து முன்னரே மனு உள்ளது, இணைக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி, பிரிக்காமலே நாடாவில் கோத்திருந்தார்கள். பிரிக்காமலே பொருளை அறியும் இந்த ஞானம் தவம் செய்தவர்களுக்கே வாய்க்கும்.

அதைவிட விசேஷம், எல்லா உறையிலும் ஒரே தபால்தலை! நெற்கதிர் படம் போட்ட ஒரு ரூபாய்த் தலை. அந்த ஊர்த் தபாலாபீசில் பழைய சரக்கு தீராமலே கிடந்திருக்கிறது. கட்டணம் ஏற ஏற, தலைகளின் எண்ணிக்கையும் கூடி, கடைசி உறைகளில் முகவரிக்கே இடமில்லை.

ஞாயிறன்று மன்றத்துக்கு வந்த கட்டைப் பார்த்ததும் விஸ்வேஸ்வரன் லென்ஸை எடுத்தார்.

"சார், பொக்கிஷம் சார் இது! இந்தக் கதிர்ல எண்ணிப் பார்த்தா பதினேழு நெல்லு இருக்கும். ஒரு தடவை தகட்டுல ஒரு நெல்லு அழிஞ்சுபோய், பதினாறு நெல்லோட அச்சாச்சு. அது மட்டும் உங்களுக்குக் கெடைச்சா மாநிலக் கண்காட்சியில தங்கப் பதக்கம். ஆனா உறையைப் பிரிச்சுடாதீங்க. பிரிக்காத உறைக்குத்தான் மார்க்."

வெள்ளைத்துரை அலுவலக நேரத்தில் மூன்று வாரம் நெல் எண்ணினார். அத்தனையும் பதினேழு. வயிற்றெரிச்சலுடன் வீட்டுக்குப் போனால் மனைவி நாகஜோதி வேறு ஆரம்பித்தார்.

"என்னங்க, அந்தம்மா முப்பது வருசமா விடாம எழுதுதே, உள்ள என்னதான் இருக்குன்னு ஒண்ணையாவது பிரிச்சுப் பார்த்தா என்ன?"

"அடிப்படையே தெரியாமப் பேசாத ஜோதி" என்று அவர் கைகழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை, அலுவலக வரலாற்றில் முதன்முறையாக முருகம்மாளுக்கு ஒரு பதில் புறப்பட்டது. "தங்கள் மனுக்கள் இவ்வலுவலகத்தின் கூர்ந்த கவனத்தில் உள்ளன. மேலும் ஒரு மனு அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. உறையில் நெற்கதிர் தலைகளையே ஒட்டவும்."

நான்காம் நாள் முருகம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். அந்தப் பதிலை ஒரு கையிலிருந்த ஜவுளிக்கடைப் பைக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். மற்றொரு கையில் புது மனு. உறையில்லை.

"ஐயா, முப்பத்தோரு வருசத்துல மொதக் காயிதம் இதுதான். தபால்ல போட்டா தாமசமாகுமேன்னு பஸ் ஏறிட்டேன்."

வெள்ளைத்துரை பதறிப்போனார்.

"நேர்ல ஏம்மா வந்தீங்க? இதுல ஸ்டாம்பே இல்லையே!"

"ஆளே வந்திருக்கேனேய்யா."

"ஆள் வந்து என்னம்மா பிரயோசனம்? சரி, உங்க ஊர் தபாலாபீசுல அந்த ஸ்டாம்பு இன்னும் இருக்கா?"

"கெடக்குய்யா. என்னயத் தவிர அங்க யாரு காயிதம் போடுறா? ஐயா, எங்க மடை வாயில ஒரு கல்லு கெடக்கு. குவாரி லாரியில இருந்து உருட்டி விட்டுட்டுப் போய்ட்டாக. யானை கணக்கா கெடக்கு. தண்ணி ஏற மாட்டேங்குது. அத எடுத்துவிட்டா…"

"அதெல்லாம் மனுவுல இருக்குமில்ல? இங்க வாங்க, இதைப் பாருங்க" என்று லென்ஸை அவர் கையில் கொடுத்தார். "இந்தக் கதிர்ல பதினேழு நெல்லு. எனக்கு வேண்டியது பதினாறு நெல்லு இருக்கிறது."

முருகம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஒரு நெல்லு இருக்கு, இல்லங்கிறதுக்கா ஐயா இம்புட்டு விசாரம்? என் வயல்ல கதிரே இல்ல."

"அதனால, ஊருக்குப் போயி, இதே மனுவை உறையில போட்டு, ஸ்டாம்பு ஒட்டி அனுப்புங்க. புது ஷீட்டுல கிழிச்சுத் தரச் சொல்லுங்க."

"அனுப்புனா கல்ல எடுத்துருவீகளா?"

"நான் தனிக் கவனம் எடுத்துப் பாக்குறேன்மா." இது சத்தியமான வார்த்தை. அவர் அப்படியே பார்த்தார்.

அவர் ஊர் திரும்பிய ஆறாம் நாள் உறை வந்தது. ஐந்து தலைகள். முதல் நான்கில் பதினேழு. ஐந்தாவதில் எண்ணினார், பதினாறு. திரும்ப எண்ணினார், பதினாறு. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். பதினாறேதான்! "ஆத்தா முருகம்மா, நீ நல்லா இருக்கணும்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அன்று பிரிவு முழுவதற்கும் ஜிகர்தண்டா வரவழைக்கப்பட்டது. மனு வந்ததற்காக ஓர் அரசு அலுவலகம் இனிப்புக் குடித்துக் கொண்டாடியதை நீங்கள் வேறெங்கு கேட்டிருக்கிறீர்கள்?

கண்காட்சி நாளில் அறுபத்திரண்டு உறைகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகப் பளபளத்தன. சிறப்பு விருந்தினராக வந்த உயர் அதிகாரி தங்கப் பதக்கத்தை வெள்ளைத்துரையின் கழுத்தில் போட்டுவிட்டு உரையாற்றினார்.

"முப்பத்தோரு ஆண்டுகள்! ஒரு ஓரம் கிழியவில்லை, ஒரு கை உள்ளே போகவில்லை. மக்களின் மனுக்களை நமது நிர்வாகம் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?"

பலத்த கைதட்டல். துணைத்தலைவர்கள் நால்வரும் எழுந்து நின்று தட்டினார்கள். அடுத்து, 'தொடர்ந்து அஞ்சலைப் பயன்படுத்திய குடிமகள்' என்று முருகம்மாளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கல்லை எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பி, அவர் ஊரிலிருந்து கடப்பாறையோடு ஆள் கூட்டி வரட்டுமா என்று முந்தின நாள் போனில் கேட்டிருந்தார். இப்போது கீழே இறங்கி ஒவ்வொரு சட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாம் அவர் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும், கட்டிக் கொடுத்தபின் ஊருக்கு வந்தபோதும் எழுதித் தந்த முகவரிகள். எல்லாம் அவர் நாக்கில் ஈரம் தொட்டு ஒட்டிய உறை வாய்கள். ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, கடைசியில் என்ன நினைத்தாரோ சிரிப்பும் வந்துவிட்டது.

"ரெண்டு வார்த்தை பேசுங்கம்மா" என்று விஸ்வேஸ்வரன் மைக்கை நீட்டினார்.

"அம்புட்டையும் அலுங்காம நலுங்காம வச்சிருக்கீக, சந்தோசம். தப்பு எம்மேலதான்யா. ஸ்டாம்ப ஒட்டி அனுப்புனேன், நீங்க ஸ்டாம்பப் பாத்தீக. அடுத்த போகத்துக்கு ஸ்டாம்பு ஒட்டாமயே அனுப்புறேன். அப்பவாச்சும் உள்ள இருக்கத எடுத்துப் படிப்பீகளா?"

உயர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாகஜோதி முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளைத்துரைக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது. பதக்கம் ஆட எழுந்து, இரு கையையும் கூப்பினார்.

"கட்டாயம் அனுப்புங்கம்மா! மறந்துடாதீங்க!"

ஸ்டாம்பு ஒட்டாத கடிதத்தின் மேல் தபால்துறை இரட்டைக் கட்டண முத்திரை குத்தும். அந்த முத்திரை விழுந்த, பிரிக்கப்படாத உறை ஒன்று அவர் தொகுப்பில் இன்னும் இல்லை.