பாண் இல்லாத பாண் ஓட்டோ

தெருத்தெருவாகப் பேக்கரி ரொட்டி விற்கிற பாண் ஓட்டோவின் பாட்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஒரு துண்டுப் பாண்கூட இல்லாமல் ஊருக்குள் போவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். பிள்ளைகளே, நான் செய்தவன். அதுவும் நிந்தவூரிலிருந்து கல்முனை வரைக்கும், பட்டப்பகலில், ஊர் ஊராக. (களவெடுப்பவன்கூட ஒரு ஊரோடு நிறுத்திக்கொள்வான்.)

எல்லாம் என் மகன் அய்மனின் நித்திரைக்காக.

அய்மனுக்கு அப்போது நான்கு வயது. அவனுக்கு ஓட்டிசம். அது காய்ச்சல் போல வந்து போகிற வருத்தம் இல்லை. அவன் பிறந்த விதமே அப்படி. நாம் கவனிக்காத சின்னச் சத்தம் அவனுக்கு இடி போலக் கேட்கும். நாம் காதைப் பொத்துகிற சத்தம் சிலவேளை அவனுக்குத் தேன். பேச்சு இன்னும் வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் நம்முடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பொருளின்மேல் வைப்பான்.

நித்திரையோடு மட்டும் அவனுக்கு என்ன கோபமோ தெரியாது. மூத்தவள் ஹனா படுத்த உடனே உறங்கிவிடுவாள். இவனோ ஃபேன் சுற்றுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடப்பான். விளக்கை நேரத்தோடு அணைத்தோம், போனை ஒளித்துவைத்தோம், தினமும் ஒரே நேரத்தில் படுக்கவைத்தோம். கொஞ்சம் பலன் இருந்தது. கொஞ்சம்தான். நானும் மனைவி சிபானாவும் முறை போட்டு விழித்திருந்தோம். அந்தக் காலத்தில், நான் வேலை செய்யும் செருப்புக் கடையில் ஒருவருக்கு இரண்டு இடது கால் செருப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். மனிதர் திரும்பி வந்து, "தம்பி, எனக்கு வலது காலும் இரிக்கி" என்றார்.

அதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. விளையாடிக்கொண்டிருக்கும்போதே அய்மன் சில வேளை அப்படியே நின்றுவிடுவான். கண் ஒரு பக்கம் நிலைத்துவிடும். கூப்பிட்டால் கேட்காது. பிறகு ஒன்றும் நடக்காதது போல விளையாடுவான்.

கல்முனை ஆஸ்பத்திரியில் காட்டினோம். டொக்டர், "இது அவர்ட பழக்கமாகவும் இருக்கலாம், ஒரு வகை வலிப்பாகவும் இருக்கலாம். தலையில வயர் ஒட்டி மூளையைப் பதிஞ்சு பார்த்தாத்தான் தெரியும். பதியிற நேரம் பிள்ளை நித்திரையில இருக்கணும்" என்றார்.

நித்திரையே கொள்ளாத பிள்ளை, ஆஸ்பத்திரியில், அவர்கள் சொல்கிற நேரத்துக்கு நித்திரை கொள்ளவேண்டும்! முதல் தடவை நித்திரைக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அதைக் குடித்தவன் புதுப் பெற்றோல் அடித்த மோட்டர் சைக்கிள் போல வார்டைச் சுற்றி ஓடினான். பரிசோதனை நடக்கவில்லை. மறு திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அத்தனை மாதமும் அவன் அசையாமல் நிற்கும்போதெல்லாம் நான் அவன் முன்னால் குந்தி, கண் திரும்பும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்படியிருக்கையில் ஒருநாள் சிபானாவின் தம்பி றிஸ்வியின் பாண் ஓட்டோ எங்கள் வாசலில் பழுதாகி நின்றது. அவன் ஊர் ஊராகப் பாண் விற்பவன். பாட்டோடு எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம் அய்மனின் கையில் ஒரு பணிஸ், அதுதான் இனிப்பு பன், வைத்துவிட்டுப் போவான். இஞ்சின் நிற்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை, முன்னுக்குத்தான் நகரவில்லை. நான் தலைவலியோடு வெளியே வந்து பார்த்தால், அய்மன் ஓட்டோவின் பக்கத்தில் கன்னத்தை ஒட்டிவைத்தபடி நின்றவாறே உறங்கிக்கொண்டிருந்தான்!

பாட்டைப் போனில் பதிந்து போட்டுப் பார்த்தோம். போனைத் தூக்கி எறிந்தான். பாட்டு, இஞ்சின் சத்தம், அந்த நடுக்கம் மூன்றும் சேர்ந்து வேண்டும் அவனுக்கு. ஆகவே பரிசோதனைக்கு முதல் நாள் றிஸ்வியிடம் போனேன்.

"மச்சான், நாளைக்குக் காலைல ஒன்ட ஓட்டோவத் தா."

"பாண் விக்கப் போறீங்களா?"

"இல்லடா. அய்மன நித்திரையாக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக."

"மச்சான், நித்திரை தேவை ஒங்களுக்குத்தான்."

"பாட்டும் போடணும்."

"பாட்டுப் போட்டாச் சனம் வருமே!"

"நான் நிப்பாட்டாமப் போயிடுவன்."

(அறிவு என்பது கடையில் விற்கிற சாமானாக இருந்தால், அன்று நான் கடன் சொல்லியாவது கொஞ்சம் வாங்கியிருப்பேன்.)

காலையில் ஓட்டோவின் பின்னாலுள்ள பாண் பெட்டியின் தட்டுகளைக் கழற்றி, உள்ளே மெத்தை போட்டோம். சிபானா கண்ணாடிக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க, என்னையும் பணிஸோட பணிஸா அடுக்கப்போறீங்களா?"

"புள்ளைக்காகப் பொறுத்துக்க புள்ள."

கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, மகனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். ஹனா பள்ளிக்கூடம் போகும் வழியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்களைத் தெரியாதவள் போல நடந்தாள்.

நிந்தவூர் எல்லை தாண்டும் முன்னரே சிபானா உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாள். உறங்கிவிட்டான்! அல்ஹம்துலில்லாஹ்! நான் காற்றில் பறந்தேன். ஆனால் காரைதீவில் வயலுக்குப் போகிற மாடுகள் தெருவை மறித்துக்கொண்டு நின்றன. இஞ்சினை நிறுத்தவில்லை. பாட்டையும் நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவது?

பாட்டுக்குக் கதவுகள் திறந்தன. பையோடும் கோப்பையோடும் சனம் வந்தது.

"தம்பி, பாண் ஒண்டு தாங்க!"

"பாண் இல்ல அக்கா."

"என்னெண்டு இல்ல? பாட்டுப் போகுதே!"

நான் பதில் தேடுவதற்குள் அந்த அக்கா பின்பக்கம் போய்க் கதவைத் திறந்து, விரிப்புக்குக் கீழால் கையை விட்டுவிட்டார். எதையோ அழுத்திப் பார்த்தார்.

"இண்டைக்குப் பாண் நல்ல மெதுவா இருக்கே!"

உள்ளேயிருந்து சிபானாவின் குரல் மெல்ல வந்தது: "அக்கா, அது புள்ளைட தலகாணி."

அக்கா கையை இழுத்துக்கொண்டார். விரிப்பை விலக்கிப் பார்த்தார். பெட்டிக்குள் ஒரு தாயும் பிள்ளையும். நான் இரண்டு வசனத்தில் விசயத்தைச் சொன்னேன். உடனே அவர் சனத்தின் பக்கம் திரும்பி, "சத்தம் போடாதீங்க! புள்ள உறங்குது!" என்று அதட்டினார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஓட்டோவின் ஒலிபெருக்கி மட்டும் ஊரே அதிர அலறிக்கொண்டிருந்தது. கையில் பையோடு இருந்தவர்களே மாட்டையும் விரட்டி வழிவிட்டார்கள்.

சாய்ந்தமருதில் அப்படி விளக்கம் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நான் நிற்கவில்லை. மோட்டர் சைக்கிளில் ஒருவர் துரத்தி வந்தார். பக்கத்தில் ஓட்டியபடி, அண்ணன் முறை வைத்துக் கத்தினார்:

"ஏன் காக்கா, சாய்ந்தமருதான் பாண் திங்கமாட்டானா? கல்முனைக்குத்தான் குடுப்பீங்களோ?"

ஊர்ப் பிரச்சினையாகிவிடுமே என்ற பயத்தில், வாயில் வந்ததைச் சொன்னேன்: "இது ஆஸ்பத்திரிப் பாண்!"

அவர் அதை நம்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னால் வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் கையை நீட்டித் தடுத்தார். "பாண் விக்கிறது உள்ளுக்கு ஏலா." அதற்குள் மருந்துக்கு வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் எங்களைச் சுற்றி வரிசையாகிவிட்டார்கள். மோட்டர் சைக்கிள்காரர் முதலாவது ஆள். நான் கதவைத் திறந்து மகனைத் தூக்கினேன். சிபானா தலைமுடி முதல் கால்வரை பாண் தூளோடு இறங்கினாள்.

"பாட்ட நிப்பாட்டுங்க!" என்றார் காவல்காரர்.

நிப்பாட்டினேன். இஞ்சினையும் நிறுத்தினேன். அய்மனின் கண்ணிமை அசைந்தது.

எனக்கு உயிர் போனது. மீண்டும் மாதக்கணக்கில் காத்திருப்பதா? தெரியாமலே இன்னொரு வருசமா? வேறு வழி தெரியவில்லை. அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னிலையில், நானே பாட்டைப் பாட ஆரம்பித்தேன். பாட்டு என்றால் சொல் இல்லாத பாட்டு. மூக்காலும் வாயாலும். இடையிடையே "டுர்ர்ர்" என்று இஞ்சினும் நான்தான். நடுக்கத்துக்கு உடம்பையும் ஆட்டினேன். (நடுங்குவதுபோல நடிக்கத் தேவையிருக்கவில்லை.) அப்படியே நீண்ட நடைக்கூடத்தின் வழியே போனேன். வழியில் ஒரு வயதானவர், "பாவம், எந்த வார்ட்டால தப்பி வந்தவரோ" என்றார்.

பரிசோதனை அறையில் ஒரு நேர்ஸ். நான் வாயை மூடியதும் அய்மன் முனகினான். அவர் பதறி, "நிப்பாட்டாதீங்க, காக்கா! பாடுங்க!" என்றார். வயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். எனக்கு மூச்சு வாங்கியது. சிபானா இஞ்சினைப் பொறுப்பெடுத்தாள். நான் பாட்டு, அவள் டுர்ர்ர். கலியாணமாகி அத்தனை வருசத்தில் நாங்கள் சேர்ந்து பாடியது அன்றுதான். கொஞ்ச நேரத்தில் நேர்ஸும் தன்னையறியாமல் முணுமுணுக்கத் தொடங்கினார்.

பதிந்து முடிந்தது. "இனி எழும்பலாம்" என்றார்.

நாங்கள் நிறுத்தினோம். அய்மன் கண் திறந்தான். தலை நிறைய வயரோடு என்னைப் பார்த்தான். பிறகு வலது கையை என் முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தான்.

பாட்டு வந்ததல்லவா? பணிஸ் எங்கே?

பால், பிஸ்கட், விளையாட்டுக் கார், இரண்டு மாற்று உடுப்பு என்று எல்லாம் கொண்டு வந்திருந்தோம். பணிஸ் மட்டும் இல்லை. பாண் ஓட்டோவில் வந்த குடும்பத்திடம் ஒரு பணிஸ் இல்லை! அய்மன் அலறிய அலறலில், இவ்வளவு நேரமும் முணுமுணுத்த நேர்ஸ் வாயில் கைவைத்தார். நான் கல்முனை பஸாருக்கு ஓடினேன். பேக்கரியில் முதலை வடிவத்தில் ஒரு கிம்புலா பணிஸை வாங்கிக்கொண்டு திரும்பினால், ஓட்டோவுக்குப் பக்கத்தில் மோட்டர் சைக்கிள்காரர் இன்னும் நின்றார். என் கையைப் பார்த்தார்.

"அப்ப பணிஸ் இரிந்திரிக்கி!" என்றார், மனம் உடைந்த குரலில்.

முடிவு சில நாளில் வந்தது. வலிப்பு இல்லை. அப்படி நிற்பது அவனுடைய வழக்கமாம். ஏதோ ஒன்றை நம்மைவிட ஆழமாகப் பார்க்கிறானாம். டொக்டர் சொல்லிக்கொண்டிருக்க, நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சிபானா, "இதையும் பாட்டாப் பாடிராதீங்க" என்றாள்.

அய்மன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நித்திரை முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் சண்டை முழுதாகத் தீரவில்லை. உறக்கம் வராத நாளில் என் பக்கத்தில் வந்து படுத்து, என் காதைப் பிடித்து, சாவியைப் போல ஒரு திருகு திருகுவான். நான் உடனே ஸ்டார்ட் ஆகவேண்டும். அடுத்த அறையிலிருந்து ஹனா, "வாப்பா, பெற்றோல் இரிக்கா?" என்பாள். பாட்டு, இஞ்சின், நடுக்கம் எல்லாம் ஒழுங்காகப் போகும். பெரும்பாலும் இடைவழியில் நான்தான் முதலில் உறங்கிவிடுவேன்.

மற்றக் காதிலும் ஒரு திருகு விழும்.