மூஞ்சூறு மேடம்

விருத்தாசலத்தில் ஆடியிலும் அடங்காத மத்தியான வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட ஸ்வெட்டரோடு நடமாடிய ஒரே மனிதப் பிறவி மூஞ்சூறு மேடம்தான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். அவரிடம் கம்ப்யூட்டர் பழக வந்த டீச்சர்கள் நாங்களெல்லாம் முந்தானையால் விசிறிக்கொண்டு செத்துக்கொண்டிருப்போம். அவர் பச்சை நிறக் கம்பளி ஸ்வெட்டரில் சிம்லாவுக்குச் சுற்றுலா வந்தவர்போல உலவுவார். கேட்டால், கம்ப்யூட்டர் ரூமென்றால் ஸ்வெட்டர் போடத்தான் வேண்டும் என்பார். எப்போதோ சென்னையில் ஏசி போட்ட அறையில் ஒரு வாரம் பயிற்சி எடுத்தாராம். அன்றைக்குப் போட்ட ஸ்வெட்டர். எங்கள் பயிற்சி அறையில் ஏசி கிடையாது. இருந்த ஒரே டேபிள் ஃபேனையும் அவர் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். காலம் மாறியதும் நாலு டைப்ரைட்டரை ஓரங்கட்டிவிட்டு இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது, கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

நான் அப்போது கருவேப்பிலங்குறிச்சி சாலையில் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இருபத்திரண்டு வருடச் சர்வீஸ். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் எங்கள் பள்ளிக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தது. அதற்குப் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தி, ஆயுதபூஜைக்குப் பொட்டு வைத்து, நல்லபடியாகப் பார்த்துக்கொண்டோம். ஆன் மட்டும் செய்யவில்லை.

அந்த நிம்மதியில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. சில பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சோதனை முறையில் கம்ப்யூட்டரிலேயே தேர்வு எழுதப்போகிறார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்விகள். திரையில் கேள்வி வரும், கீழே நாலு விடை வரும், பிள்ளை மவுஸால் ஒன்றைத் தொட வேண்டும். மார்க்கைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும். அதற்குமுன் ஆசிரியர்கள் பயிற்சி எடுத்து, அதே தேர்வைத் தாங்களும் எழுதிப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஹெச்.எம். யாருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று கேட்டார். என் பையன் அப்போது சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். அவனைப் பெற்றவள் என்ற ஒரே தகுதியில் நான் லேசாகத் தலையை ஆட்டினேன். கம்ப்யூட்டர் நன்கறிந்தவர் என்று அவர் என் பெயரை முதலில் எழுதி அனுப்பிவிட்டார். அந்தத் தலையாட்டலுக்கு நான் பட்ட பாடுதான் இந்தக் கதை.

பயிற்சி மையத்தில் இருபத்து நாலு ஆசிரியர்கள், ஆறு கம்ப்யூட்டர்கள். எங்களுக்குச் சொல்லித்தர அமர்த்தப்பட்டிருந்தவர் மேடம். முதல் நாளே எல்லாரையும் செருப்பை வாசலில் விடச் சொன்னார். உள்ளே கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசும்போது ‘அது’ என்ற வார்த்தைக்கே இடமில்லை. திரையில் மணல் கடிகாரம் சுற்றினால் உதட்டில் விரலை வைத்துவிடுவார்.

"அவங்க யோசிக்கிறாங்க. அவசரப்படுத்தாதீங்க."

ஆறில் இரண்டு மவுஸ்கள்தான் ஒழுங்காக வேலை செய்தன. ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது. கை பழகாமல் எதுவும் ஆகாது என்று மேடம் ஒரே பிடியாக நின்றார். சரி, மவுஸ் மாதிரியாவது ஒன்று எல்லார் கையிலும் இருக்கட்டும் என்று ஸ்டேஷன் பக்கம் தனக்குத் தெரிந்த பீங்கான் பொம்மைக் கம்பெனிக்குப் போன் போட்டு, "மவுஸு இருபத்தஞ்சு வேணும், உள்ளங்கைக்கு அடக்கமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அது விநாயகர் சதுர்த்திக்கு முந்தின மாதம். கம்பெனியில் அவர்கள் பிள்ளையார் வார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வைக்கோல் போட்ட இரண்டு கூடைகள் வந்தன. பிரித்துப் பார்த்தால், வெள்ளை வெளேரென்று இருபத்தைந்து மூஞ்சூறுகள். பிள்ளையார் காலடியில் படுத்திருக்குமே, அதேதான். மீசை, வால், முன்னங்கால்களில் கொழுக்கட்டை. ஒரு குறையும் இல்லை.

மேடம் ஒன்றைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"காது ரெண்டு இருக்குது. நமக்கு அது போதும்" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது எங்கள் பயிற்சி. இடது காது இடது பட்டன், வலது காது வலது பட்டன். நல்லூர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு ஹெச்.எம். ஒவ்வொரு முறையும் மூஞ்சூறைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆரம்பிப்பார். மேடம் ஸ்கேலால் மேசையைத் தட்டி, "இடது காது, ரெண்டு தடவ" என்பார். இருபத்து நாலு பேரும் டக் டக்கென்று காதைத் தட்டுவோம். பார்க்காமல் பழக வேண்டும் என்று கண்ணை வேறு மூடச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அரசு ஊழியர்கள் இருபத்து நாலு பேர் கண்ணை மூடி மூஞ்சூறின் காதைத் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மேடத்துக்கு அந்தப் பெயர் அன்றைக்குத்தான் விழுந்தது.

மூஞ்சூறில் நான் சிங்கம். நிஜ மவுஸ் கைக்கு வந்ததும் பழைய கதைதான். அம்புக்குறியை வலப்பக்கம் கொண்டுபோக மவுஸை நகர்த்திக்கொண்டே போனேன். மேசை முடிந்தது. பக்கத்திலிருந்த டீச்சரைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, அவருடைய நோட்டின் மேல் ஏற்றி ஓட்டினேன். அதுவும் முடிந்தது. அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் மவுஸோடு எழுந்து நின்றேன்.

மேடம் பின்னால் வந்து நின்றார். "டீச்சர், தூக்கி மறுபடி நடுவுல வைங்க. மேச முடிஞ்சா ஒலகம் முடிஞ்சிடாது."

பையன் இன்ஜினியரிங் படிக்கிறானாமே என்று யாரோ பின்வரிசையில் கேட்டார்கள். கேட்காததுபோல் இருந்துகொண்டேன்.

பத்தாவது நாள் எங்களுக்குத் தேர்வு. இருபத்தைந்து கேள்விகள், ஆறு ஆறு பேராக எழுத வேண்டும். மார்க் பட்டியல் அன்று சாயங்காலமே மேலே போய்விடும். என் பெயர் பட்டியலில் முதலில் இருந்ததால் முதல் அணியில் நான். என் பக்கத்துக் கம்ப்யூட்டரில் கம்மாபுரத்திலிருந்து பைக்கில் வரும் ஓர் இளம் ஆசிரியர். கெட்டிக்காரர்.

இனி வருவதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். கேள்விகள் எல்லாமே ஐந்தாம் வகுப்புப் பாடம். இருபத்திரண்டு வருடமாக நான் நடத்தியவை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் திரையில் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது, ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை. கை தானாக மவுஸைப் பிடித்தது, கண் தானாகப் பக்கத்துத் திரைக்குப் போனது. அவர் மூன்றாவது விடையைத் தொட்டால் நானும் மூன்றாவது. அவர் ஒன்று என்றால் நானும் ஒன்று. காப்பி அடித்ததற்காக எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கே வரவில்லை.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கேள்விகள் வேறு வேறு வரிசையில் வரும் என்பது எனக்குத் தெரியாது. மேடம் சொல்லியிருக்கிறார். நான் அப்போது வேறு எதிலோ மும்முரமாக இருந்திருக்கிறேன்.

கடைசி விடையைத் தொட்டதும் திரை முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது: இருபத்தைந்துக்கு நாலு. கீழே, மேலும் முயற்சி செய்க. மறைக்கலாமென்றால் எப்படி மறைப்பதென்று தெரியாது. முந்தானையை எடுத்துத் திரைமேல் போட்டேன்.

மேடம் வந்து முந்தானையை மெல்ல விலக்கினார். என் திரையைப் பார்த்தார். பக்கத்துத் திரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. எல்லார் முன்னாலும் ஸ்கேல் இறங்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"கேள்விய படிச்சீங்களா டீச்சர்?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப இது ஒங்க மார்க்கு இல்ல. பேரு மட்டும்தான் ஒங்களுது."

பிறகு நிமிர்ந்து, இந்த டீச்சரின் தேர்வு முடியவில்லை, மறுபடி எழுதுவார் என்று சத்தமாகச் சொன்னார். பட்டியலில் என் இடத்தைக் காலியாக விட்டு, மையத்துப் பொறுப்பாளரிடம் திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டு வாங்கினார். சனிக்கிழமை காலை இன்ஸ்டிட்யூட்டுக்கு வரச் சொன்னார்.

போனேன். வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்றுமே தெரியாது, பையனை வைத்துப் பெருமையடித்துவிட்டேன், இதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடம் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"நானு இத வாங்கி மூணு மாசம் ஆன் பண்ணல டீச்சர்" என்றார். "தெனம் தொடைப்பேன், மூடிடுவேன். பசங்க கேட்டா வைரஸ் வந்திருக்குது, கிட்டப் போவாதீங்கன்னுவேன்."

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒரு நாளு கதவ சாத்திக்கிட்டு ஆன் பண்ணேன். ஒண்ணும் வெடிக்கல. வெளிச்சம் வந்துச்சு, அவ்ளோதான். ஒக்காந்து அழுதேன்."

அன்று அவர் அதேமாதிரி ஒரு தேர்வைத் திரையில் வரவழைத்து, மூலையில் ஓடிய நேரத்தின்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். கேள்வியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வகுப்பில் வாசிக்கும் குரல் வந்துவிட்டது. அதன்பின் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. திங்கட்கிழமை மையத்தில், பொட்டு இல்லாமலேயே, இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. அந்த மூன்று எப்படிப் போனது என்று இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

பிள்ளைகளின் தேர்வும் வந்தது. எங்கள் வகுப்பை மையத்துக்கே அழைத்துப் போனோம். பத்து நாளில் நான் கற்றதை அவர்கள் பத்து நிமிடத்தில் கற்றார்கள். ஒரு சின்னப் பெண், "இதுக்கா டீச்சர் பத்து நாளு ஸ்கூலுக்கு வரல?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

மார்க் வந்தபோது எனக்கு இன்னொரு அடி. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதென்று நான் எப்போதும் பாஸ் மார்க்குக்கு மேல் போடாத ஒருத்திதான் வகுப்பில் முதல். கம்ப்யூட்டருக்கு அவள் கையெழுத்து தெரியாது. எனக்கோ அவளிடம் அதைத் தவிர வேறு எதுவும் தெரிந்திருக்கவில்லை. மேடத்திடம் இதைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த வருடம் அந்தத் தேர்வைப் பற்றிப் பேச்சே இல்லை. பிள்ளைகள் பழையபடி தாளில் எழுதினார்கள். கற்ற வித்தை கைவிட்டுப் போய்விடுமே என்று எனக்கு மட்டும் கவலை வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் பாலக்கரைச் சந்துக்குப் போக ஆரம்பித்தேன். சும்மா போனால் நன்றாக இருக்காதே என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சந்தேகத்தைத் தயாரித்துக்கொண்டு போவேன். ஒரு வாரம் பெட்ஷீட்டை எடுத்து நான் ஆன் செய்யத் தொடங்கியிருந்த பள்ளிக் கம்ப்யூட்டரில் எழுத்தெல்லாம் தானாகச் சாய்ந்துவிட்டது. இன்னொரு வாரம் திரையில் இருந்த படங்கள் காணாமல் போய்விட்டன. எப்படிச் சரிசெய்வதென்று மேடம் தன் கம்ப்யூட்டரில் பொறுமையாகக் காட்டுவார்.

ஒரு சனிக்கிழமை, தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறிவிட்டது என்று போய் நின்றேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கோளாறு தானா வராது டீச்சர். யாராச்சும் மெனக்கெட்டு செஞ்சாத்தான் வரும்."

"ஆமாங்க மேடம்" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, சந்து முனைக் கடைப்பக்கம் திரும்பி ரெண்டு டீ என்று குரல் கொடுத்தார். அன்றிலிருந்து நான் எந்தக் கோளாறையும் தயாரிக்கவில்லை, வெறுங்கையோடுதான் போனேன். எதற்கு வந்தீர்கள் என்று அவர் ஒரு சனிக்கிழமைகூடக் கேட்டதில்லை.