தாய்மாமன் பணி நிரந்தரம் தொடர்பாக

அன்புள்ள முத்துக்குமரன் அண்ணனுக்கு,

ஆமாம். பாதி மடிதான். அழகு அண்ணன் உன்னிடம் போனில் சொன்னது பொய் இல்லை.

நலம், நலமறிய ஆவல் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும். எங்கள் நலம் கீழே வருகிறது. உன் நலம் எனக்குத் தெரியும். நேற்று நீ அனுப்பிய ஆறு குரல் பதிவுகளையும் கேட்டேன். தொண்டை நன்றாக இருக்கிறது. "எம் மடியப் பாதியாக்குறதுக்கு நீ யாருடி? எதுன்னாலும் எழுதிக் குடு" என்று ஆறாவதில் கேட்டிருந்தாய். எழுதித் தருகிறேன்.

எல்லாம் என் பதினாலு வரியால் வந்தது. 'சுபா கோர்ட்டுல இருக்கா' என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் கோர்ட்டில் இல்லை. பசுமலையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறேன். அங்கிருந்து ஒரு சட்ட மாத இதழ் வருகிறது. உச்ச நீதிமன்றம் நூற்று நாற்பது பக்கத்தில் சொல்வதை நான் பதினாலு வரியில் சொல்ல வேண்டும். உன் ஊர் எழுமலையில் இருக்கிற ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுதும்மா என்பார் ஆசிரியர். எழுதினேன். எழுமலையில் ஒருவருக்குப் புரிந்துவிட்டது.

போன மாதம் ஊருக்குப் போனபோது இதழை எடுத்துப் போயிருந்தேன். தண்ணீர் கேன் இறக்க அழகு அண்ணன் குட்டியானை லோடு வண்டியில் வந்தார். பெரியப்பா மகன். அவரும் நமக்கு அண்ணன்தான், அக்கா தமிழ்ச்செல்வியின் பிள்ளைகளுக்கு அவரும் ஒரு வகையில் மாமன்தான். ஆனால் கூடப் பிறந்த மாமன் நீ ஒருவன். நீ குவைத்துக்கு டிரைவராகப் போய்ப் பதினோரு வருடம். அந்தப் பதினோரு வருடமும் உன் இடத்தில் உட்கார்ந்தவர் அவர்.

அம்மா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு இதழைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நின்றார். வேலை வழக்கு. பெயருக்குத் தற்காலிகம் என்று வைத்துக்கொண்டு, நிரந்தரமான வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிவிட்டு, கடைசியில் நீ தற்காலிகம்தானே என்று ஒருவரைக் கழற்றிவிடுவது நியாயமில்லை. சுருக்கம் அவ்வளவுதான். இரண்டு முறை படித்தார். டீயில் ஆடை கட்டிவிட்டது.

"சுபா, இது எங்கெங்க செல்லும்?"

"இந்தியா முழுக்க, அண்ணே."

"எழுமலைக்கு?"

"எழுமலை இந்தியாலதான இருக்கு."

"அப்படியா," என்றார், புதிதாகக் கேள்விப்பட்டவர் போல. இதழை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். காலிக் கேனை மறந்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு அக்கா மகள் பாப்பா காதுகுத்துக்குப் பத்திரிகை எழுத உட்கார்ந்தோம். அப்பா சொல்ல நான் எழுதினேன். தாய்மாமன்: சோ. முத்துக்குமரன், குவைத். நீ முதன்முறையாக ஒரு விசேஷத்தில் நேரில் உட்காரப் போகிறாய் என்பதால் 'குவைத்' பெரிய எழுத்தில். அழகு அண்ணன் பெயர் கீழே, 'மற்றும் பங்காளிகள்' வரிசையில் கடைசி, மைக்செட்காரர் பெயருக்கு நேர் மேலே. அந்த நேரம் பார்த்து அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் இதழ். செருப்பைக் கழற்றி, ஜோடியாக, நேராக வைத்தார். எனக்கு அப்போதே தெரிந்தது. சண்டைக்கு வருகிறவர்கள் செருப்பை நேராக வைப்பதில்லை. இவர் வழக்குக்கு வந்திருக்கிறார்.

"சித்தப்பா, நான் எத்தன வருசமா மாமன் வேல பாக்குறேன்?"

நான் பேனாவை மூடினேன்.

அவர் சொன்னதை அவர் மூச்சிலேயே தருகிறேன். நடுவில் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. தமிழ்ச்செல்வி கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மால போட்டு மண்டபத்துக்குள்ள கூட்டிட்டு வந்தது யாரு நானு, வளகாப்புக்கு ஏழு வகச் சோத்தக் குட்டியானையில ஏத்திக்கிட்டுச் சோழவந்தானுக்குப் போகயில வண்டி பஞ்சராகி புளியோதரச் சட்டியத் தலையில செமந்துக்கிட்டு நடந்தது யாரு நானு, பெரியவன் அருள்பாண்டிக்கு மொட்ட போட்டு காது குத்தயில மடியில வச்சிருந்தது யாரு நானு, அவென் ரெண்டு தடவ வேட்டிய நனைச்சான் ஒரு தடவ கடிச்சான், இந்தா பாருங்க தழும்பு, இது வேல நேரத்துல பட்ட காயமா இல்லையா, அப்பறம் அவென் மூக்குக்குள்ள கொண்டக்கடலையப் போட்டுக்கிட்டு மாமனக் கூப்பிடு மாமனக் கூப்பிடுன்னு கத்துனானே, அப்ப குவைத்துக்கா போன் போட்டீக, எனக்குத்தான போட்டீக, நான் கேன் எறக்கிக்கிட்டிருந்த எடத்துல இருந்து ஈரச் சட்டையோட வந்தேன்ல, இப்ப பாப்பா காதுக்கு மட்டும் நான் மைக்செட்டுக்கு மேலயா?

அப்பா அசரவில்லை. அவரும் படித்திருக்கிறார். எங்கள் இதழுக்கு எழுமலையில் இரண்டு வாசகர்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏழாம் பக்கம் படிச்சவென் ஒம்பதாம் பக்கத்தையும் படிச்சிருக்கணும். அனுமதி வாங்கி ஒருத்தன் ஒரு எடத்துல எம்புட்டு வருசம் இருந்தாலும் அந்த எடம் அவனுக்குச் சொந்தமாகாது. நாங்க ஒன்னைய உக்காருன்னோம். உக்காந்த. அனுமதி. அம்புட்டுதான்."

"அது நெலத்துக்கு, சித்தப்பா."

"மடியும் ஒரு எடந்தானடா."

"அப்பா, அது சிவில்," என்றேன்.

"நாங்களும் சிவிலாத்தான பேசிக்கிட்டிருக்கோம்? நீ எழுது."

அழகு அண்ணன் பக்கத்தைத் திருப்பினார். நுனியை மடித்து அடையாளம் வைத்திருந்தார். "சரி. பதினாலாம் பக்கம். ஒருத்தனக் கைது பண்ணுனா, என்ன காரணம்னு அவனுக்குப் புரியிற பாசையில எழுத்துல குடுக்கணும். என்னைய எதுக்குக் கழட்டி விட்டீகன்னு எழுதிக் குடுங்க. எனக்குப் புரியிற பாசையில."

"ஒன்னைய யாருடா இங்க கைது பண்ணா?"

"கைது பண்ணாக்கூடச் சோறு போட்டு உள்ள வச்சிக்கிருவாக. நீங்க வெளிய அனுப்புறீக."

ஒரே இதழ். சிவில், கிரிமினல், வேலை. மூன்றையும் நான்தான் எழுதினேன். மூன்றும் நம் வீட்டுக் கூடத்தில் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அம்மா மட்டும் அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அழகு அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"சித்தி, நீங்க சொல்லுங்க. என்ன சொல்லி என்னைய மாமன் வேலைக்கு எடுத்தீக?"

"'அவென் வர்ற வரைக்கும் நீ பாத்துக்கடா'ன்னு சொன்னேன்."

"வர்ற வரைக்கும்னா எம்புட்டு நாளு?"

"அவெந்தான் வந்தானேடா."

"வந்தான். மூணு தடவ. மூணு தடவயும் பந்தலப் பிரிச்ச பெறகு வந்தான்."

அம்மா ஒரு காயைக் கிள்ளாமலே சட்டியில் போட்டாள்.

அப்போது அப்பா ஒரு தவறு செய்தார். சாட்சிக்குச் சுவரைக் காட்டினார். "இந்தா, போட்டோவுல யாரு இருக்கான்னு பாருடா. அருள்பாண்டி காதுகுத்து. மடியில வச்சிருக்கிறது முத்து."

அண்ணே, உனக்கு இதைச் சொல்லியிருக்கிறோமா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டோம். அந்தப் படம் எடுத்தபோது நீ குவைத்தில் இருந்தாய். படத்தில் கூடப் பிறந்த மாமன் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் பின்னால் கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா உசிலம்பட்டி ஸ்டுடியோவில் கொடுத்து உன் பாஸ்போர்ட் முகத்தை அதில் ஒட்டச் சொன்னாள். சட்டை அவருடையது. வேட்டி அவருடையது, நனைந்தது உட்பட. கை அவருடையது. முகம் மட்டும் நீ. உன் முகத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் நீல நிறம் இருக்கிறது. நீ வந்திருந்த நாட்களைத் தவிர, எட்டு வருடமாக அது நடுச்சுவரில் தொங்குகிறது. அழகு அண்ணன் வாரம் இரண்டு முறை அதன் கீழே கேன் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் படத்தின் அருகில் போனார். சட்டைக் கையைச் சுருட்டினார். தன் கையைப் படத்தில் இருந்த கையின் பக்கத்தில் வைத்தார். அங்கே பிள்ளையின் வாய் இருந்தது. இங்கே தழும்பு.

 

"சுபா," என்றார் அப்பா, குரல் இறங்கி. "நீதான எழுதுன. நீயே சொல்லு."

நான் தீர்ப்புச் சொல்கிறவள் இல்லை, சுருக்குகிறவள் என்று விளக்கினேன். அப்படியானால் இதையும் சுருக்கு என்றார்கள். பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் இலக்கியம் படித்தேன். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உண்டு என்று பாடம். பிரதி அன்றைக்குச் செருப்பை நேராகக் கழற்றி வைத்துவிட்டு என் எதிரே நின்றது.

அக்காவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டோம். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்தாள். முழுவதையும் கேட்டாள். "எம்புள்ள காதா, இல்ல பட்டா நெலமா?" என்றாள். பிறகு சொன்னாள்: "எனக்கு ரெண்டு பேரும் வேணும். ஒருத்தன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போனாலும் நான் காதே குத்தமாட்டேன். அவ மூளிக்காதோட காலேசுக்குப் போகட்டும்." வைத்துவிட்டாள். இதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அக்கா சொன்னால் செய்வாள்.

எனவே ஆணை வருமாறு. ஒரே பலகை. நீங்கள் இருவரும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார வேண்டும். பாப்பா நடுவில், இணைப்பின் மேல். வலது காது உனக்கு. இடது காது அவருக்கு. எந்தக் காது முதலில் என்பதற்கு மூப்பு பார்த்தோம். பிறந்த தேதிப்படி அவர் உன்னைவிட நான்கு மாதம் பெரியவர். பணியில் சேர்ந்த தேதிப்படி அவருக்குப் பதினோரு வருடம். நீ இன்னும் சேரவே இல்லை. ஆகவே இடது காது முதலில். காது குத்துகிற ஆசாரியிடம் கேட்டோம். எந்தக் காதானாலும் ஆட்டாமல் பிடித்தால் போதும் என்றார். பத்திரிகையில் 'தாய்மாமன்கள்' என்று அச்சாகிவிட்டது. 'குவைத்' பெரிய எழுத்தில்தான் இருக்கிறது. பக்கத்தில் 'எழுமலை', அதே அளவில். அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அழகு அண்ணன் போனார்.

இதுதான் நடந்தது. உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நீயும் அங்கே பதினோரு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புது ஒப்பந்தம், புதுக் கையெழுத்து. என் பதினாலு வரி அங்கே செல்லுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். செல்லாதாம். திரும்பவும் கேட்டேன். செல்லாது.

அதனால்தான் பாதியாவது வைத்திருக்கிறேன். வந்து உட்கார்.

அப்பா உன்னைக் கேட்டார், நேராக அல்ல, வானிலையைக் கேட்பது போல. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். நீ ஓட்டுகிற வண்டிக்கு நம் குலசாமி முன்னால் போகட்டும். நம்பர் பிளேட் எந்த நாட்டுது என்று அது பார்க்காது.

உன் தங்கை,
சுபலட்சுமி

பின்குறிப்பு: இதைப் படம் எடுத்து அனுப்பப் போனை எடுத்தபோதுதான் நீ காலையில் அனுப்பியதைப் பார்த்தேன். உனக்கு லீவு இல்லையாம். 'நீ போயிட்டா அந்த வண்டிக்கு யாரப் போடுறது' என்று கேட்டார்களாம். அப்படியானால் மேலே எழுதிய எதற்கும் இப்போது வேலை இல்லை. இருந்தாலும் அனுப்புகிறேன், நீ எழுதித் தரச் சொன்னாய்.

அழகு அண்ணனுக்குப் போன் போட்டு, முழு மடியும் உங்களுக்குத்தான் என்றேன்.  "அதெல்லாம் ஆகாது. தீர்ப்பு தீர்ப்புதான். எடது காது எனக்கு நெரந்தரம். வலது காதுக்கு நான் திரும்பத் தற்காலிகமா உக்காரமாட்டேன். அது முத்து எடம். ஆளப் போட்டுக்கங்க" என்றார். ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "கூடப் பொறந்தவ நீ இருக்கீல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

காதுகுத்து நாளான வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'தாய்மாமன் (பொறுப்பு)' என்று போட்டு, ஆசிரியர் மேசையில் வைத்தேன்.