கட்டிலுக்கடியில் ஒரு நல்ல பாம்பு

வீட்டோடு மாப்பிள்ளைக்கும் மானம் உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை. எனக்கு இருந்தது. குத்துக்கல்வலசையில், மாமியார் வீட்டுப் புறக்கடையில் வைத்து அது எரிந்தது. (கொள்ளி வைத்தவனும் நானேதான்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. பி.ஏ. முடித்து, கல்யாணமாகி மூன்று வருஷம், வேலையுமில்லை, பிள்ளையுமில்லை. மாமனார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது. அப்போதுதான் என் பழைய ஜுவாலஜி புரொபசர் மதராஸிலிருந்து கடிதம் எழுதினார். சிற்றாற்றங்கரையிலும் குற்றால மலையடியிலும் இருக்கிற தவளை, தேரை, அரணை, பாம்பு எல்லாவற்றிலும் ஒவ்வொன்று பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு வைக்க வேண்டும். சாரல் முடிந்ததும் வந்து பார்ப்பார். தேறினால் கல்லூரி மியூசியத்தில் எனக்கு வேலை.

சாரல் முழுக்கச் சேற்றில் கிடந்தேன். தவளை பிடிக்கப் போனவனை அட்டைகள் பிடித்தன. ஆனாலும் நாற்பது பாட்டில் சேர்ந்துவிட்டது. கடைசியாக, இலத்தூர் ரோட்டில் வண்டி ஏறிச் செத்துக் கிடந்த நல்ல பாம்பு ஒன்று. எல்லாவற்றையும் எங்கள் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன். (அன்றிலிருந்து காலை மடக்கிக்கொண்டுதான் தூங்கினேன்.)

புரொபசர் வருவதற்கு முந்தின நாள் மாமியார் அறையைப் பெருக்க வந்தார். வீல் என்று ஓர் அலறல்.

“பாவி மனுசா! எம் மவ வயித்துல ஒண்ணு தங்கணும்னு நான் வெள்ளி தவறாம நாகருக்குப் பால் ஊத்துதேன். நீரு அவரையே கட்டிலுக்குக் கீழ ஊறப் போட்டிருக்கீரா?”

“அத்தை, நான் கொல்லல. செத்துக் கெடந்ததத்தான் எடுத்தேன்.”

“செத்தா பால் ஊத்தித் தகனம் பண்ணணும்லா! இன்னிக்கு அது எரியணும். இல்லன்னா உமக்கு இங்கன சோறு கெடையாது.”

விஞ்ஞானம் பேச வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். பாம்புக்கு மஞ்சள் துணி போர்த்தி விறகில் கிடத்தினோம். “கூட இருந்ததுகளும் தொணைக்குப் போவட்டும்” என்றார் மாமியார். நாற்பது பாட்டிலையும் அழுதுகொண்டே கவிழ்த்தேன். கொள்ளி வைத்ததும் ஸ்பிரிட் குப்பென்று பிடித்ததில் என் மீசையும் போயிற்று.

மறுநாள் புரொபசர் வந்தார்.

“கலெக்ஷன் எங்கேப்பா?”

சாம்பலைக் காட்டினேன். “தகனம் ஆயிடுச்சு சார். எங்க வீட்டு வழக்கம்.”

சாம்பலையும் மீசையில்லாத என்னையும் மாறி மாறிப் பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு தென்காசி ஸ்டேஷனுக்குத் திரும்பிவிட்டார். என் வேலையும் அவரோடு ரயிலேறிவிட்டது. புறக்கடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அடுத்த வருஷமே பையன் பிறந்தான். நாகராஜன் என்று மாமியார்தான் பெயர் வைத்தார். நான் அதே வீட்டில், அதே சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். பார்க்க வந்தவர்கள் யாராவது “அப்பன் ஜாடை” என்று சொல்லிவிட்டால் போதும்.

“எல்லாம் அந்த நல்ல பாம்பு குடுத்த புள்ள. இவரு என்னத்தச் செஞ்சாரு?”

மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இப்போது அதை என் மனைவி சொல்லுகிறாள்.