வாரண்டி முடிந்த மெஷினும் கோவில் வடையும்

சட்டம் படித்தவனோடு வாழலாம். சட்டத்தில் இரண்டு பக்கம் மட்டும் படித்தவனோடு வாழ்வது கஷ்டம். என் மனைவி வசந்தி வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

நாடு விட்டு ஹில்ஸ்பரோவுக்குக் குடிவந்த புதிதில் வாஷிங் மெஷின் வாங்கப் போனோம். ஒரு வருட வாரண்டியை நீட்டிக்கக் கொஞ்சம் காசு கூடக் கேட்டான் கடைப் பொடியன்.

"எடுத்து வைப்பமப்பா" என்றாள் வசந்தி.

"உமக்கு விளங்காது. கம்பனி வாரண்டி வேற, நாட்டுச் சட்டம் வேற. வாரண்டி முடிஞ்சாலும் நியாயமான காலத்துக்கு மெஷின் ஓடவேணும் எண்டு இங்கத்தைச் சட்டம் சொல்லுது. சும்மா கிடைக்கிறதுக்குக் காசு குடுக்கிறதோ?" என்றேன். (பொடியன் தமிழ் விளங்காமலே தலையாட்டினான்.)

வாரண்டி முடிந்த கையோடு மெஷின் நின்றது. தண்ணீர் வெளியேறவில்லை. வசந்தி ஈர உடுப்பையெல்லாம் வாளியில் அள்ளி என் முன்னால் வைத்தாள். மெஷின் போனால் போகட்டும், மானம் போகக்கூடாது என்று கடைக்கு ஓடினேன்.

வாரண்டி முடிந்துவிட்டது என்றார் மேனேஜர். வாரண்டி முடியலாம், சட்டம் முடியாது. எனக்கு உரிமையே இல்லை என்று சொல்லி அனுப்பினால் அது இன்னொரு சட்டத்தில் பிழை என்று இங்கிலீசில் வெளுத்து வாங்கினேன். மனுசன் ஆளை இலவசமாக அனுப்பச் சம்மதித்தார். ஒழுங்காகப் பாவித்திருந்தால்தான் அந்தச் சட்டமும் உதவும் என்றார். உடுப்பைத் தவிர வேறென்ன போடப்போகிறோம் என்று சிரித்தேன்.

திருத்த வந்தவர் பம்பைக் கழற்றினார். முதலில் புளித்த மணம் வந்தது. பிறகு கறுப்பாக ஏதோ கைப்பிடி கைப்பிடியாக வந்தது. இது என்ன என்று என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வசந்தி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து மணந்தாள். "உளுந்துக் கோது."

கோவில் திருவிழா வடைக்கு ஊறவைத்த உளுந்தின் கறுப்புத் தோலை நீக்குவது என் பொறுப்பாக இருந்தது. தலையணை உறைக்குள் கட்டி மெஷினில் போட்டு, மெல்லிய துணிக்கான பட்டனை அமத்தினேன். (பட்டுச் சேலைக்கு ஆகுமென்றால் உளுந்துக்கு ஆகாதா?) முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கினேன்.

"கையாலதான் தேய்ச்சனான் எண்டு சொன்னீங்களெல்லோ? ஐயோ, சாமிக்குப் படைச்ச வடையப்பா அது!" என்றாள் வசந்தி.

"அப்பா! மை சொக்ஸ் கோ இன் தெயர்!" என்று தன் காலுறைகளைத் தூக்கிக் காட்டினாள் மகள் அபி.

வந்தவர் பெட்டியை மூடினார். எந்தச் சட்டமும் என்னைக் காப்பாற்ற வரவில்லை.

இன்றைக்கும் எந்தக் கடையில் வாரண்டியை நீட்டிக்க வேண்டுமா என்று கேட்டாலும், வசந்தி என் பக்கம் கைகாட்டுவாள்.

"சாமானுக்கு வேண்டாம். இவருக்கு ஏதும் இருந்தாச் சொல்லுங்கோ."